ஓடும்வரை ஒளி

நுழையும்முன்

மிதிவண்டியின் சக்கரம் சுழலும்போது எரிந்து, வண்டி நின்றதும் அணையும் விளக்கைப் பலரும் கண்டிருப்பர். அதே நெறியில் ஒளிரும் விளக்குகளைக் கொண்ட விசையூர்திகளும் உலகில் உள்ளன. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்கல அடுக்கு அவற்றில் இல்லை. அத்தகைய ஊர்தியொன்றில் கூடுதல் ஒளியைப் பெறுவது எங்ஙனம்? பெரிய விளக்கைப் பொருத்தினால் போதுமா? எளியவைபோல் தோன்றும் இவ்வினாக்களுக்கு இயற்பியல் தரும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

மணற்குன்றின் உச்சியில்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிப் பரந்து கிடப்பது அல்கோடோனெஸ் மணற்பரப்பு. 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய இப்பாலைநிலத்தில் சில குன்றுகள் 90 மீட்டர் உயரம்வரை எழுந்து நிற்கின்றன. கோடையில் கடும் வெப்பம் நிலவுவதால், அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர்ந்த மாதங்களிலேயே மக்கள் இங்கு மிகுதியாக வருகின்றனர். கிளாமிஸ் எனும் சிற்றிடத்தைச் சுற்றிக் கூடாரமிட்டுத் தங்கி, மணலில் ஓடும் நாற்சக்கர வண்டிகளை ஓட்டி மகிழ்கின்றனர். அகன்ற சக்கரங்களும், இருசக்கர ஊர்தியில் உள்ளதைப் போன்ற கைப்பிடியும் கொண்ட இவ்வண்டிகள் ‘குவாட்’ என அழைக்கப்படுகின்றன.

பகலில் களிப்பூட்டும் இப்பயணம் இரவில் இடர் மிகுந்ததாகிறது. காற்று குவித்த மணற்குன்றின் ஒரு பக்கம் மென்சரிவாக இருக்கும். மறுபக்கமோ 30 முதல் 34 பாகை வரை சாய்ந்த கடுஞ்சரிவாக இறங்கும். மென்சரிவில் விரைந்து ஏறும் ஓட்டுநருக்கு உச்சியின் அப்பால் இருப்பது தெரியாது. அங்கே பள்ளம் இருக்கலாம். எதிரே மற்றொரு வண்டி வரலாம். இதன்பொருட்டே இங்கு ஓடும் வண்டிகள் உயர்ந்த கோலில் கொடியொன்றைக் கட்டிச் செல்ல வேண்டும் என்பது விதி. இரவில் கொடி தெரியாது. ஓட்டுநருக்கு விளக்கே துணை.

அறிவுடைய ஓட்டுநர் உச்சியை நெருங்கும்போது முடுக்கியைத் தளர்த்தி வேகத்தைக் குறைப்பார். அவ்வாறு குறைத்த நொடியில், மின்கல அடுக்கு இல்லாத வண்டியின் முகப்பு விளக்கு மங்கத் தொடங்கும். ஒளி எப்போது மிகுதியாகத் தேவையோ அப்போதே அது குறைகிறது. இம்முரண் ஏன் தோன்றுகிறது என்பதை அறிந்தால்தான் அதனைத் தீர்க்கும் வழியும் புலப்படும்.

மின்கல அடுக்கைத் தவிர்த்தது ஏன்?

யமஹா நிறுவனம் 1987ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ‘பான்ஷீ’ எனும் வண்டி இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 347 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் இரண்டு உருளைகளும் கொண்ட ஈரடிப்பு எந்திரம் இதில் இயங்கியது. அமெரிக்காவில் 2006 வரை விற்கப்பட்ட இவ்வண்டியைக் காலால் உதைத்தே கிளப்ப வேண்டும். கிளப்புவதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆதலால் மின்கல அடுக்கும் தேவைப்படவில்லை.

இத்தவிர்ப்புக்கு வேறு காரணங்களும் உள. ஈயமும் அமிலமும் கொண்ட மின்கல அடுக்கு எடை மிக்கது. துள்ளிக் குதித்து ஓடும் வண்டியின் அதிர்ச்சி அதன் தகடுகளைச் சிதைக்கும். பல மாதங்கள் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் அது தானாகவே மின்னிறக்கம் அடையும். மின்கல அடுக்கை நீக்கினால் எடை குறையும், பராமரிப்பும் குறையும். ஆனால் ஒளிக்கான மின்சாரம் முழுவதையும் எந்திரம் ஓடும்போதே, அந்தந்த நொடியிலேயே ஆக்கிக்கொள்ள வேண்டியதாகிறது.

சுழற்சியில் பிறக்கும் மின்சாரம்

கொல்லரின் மகனாகப் பிறந்து, நூல் கட்டும் தொழில் பயின்று, பின்னர் அறிவியலறிஞராக உயர்ந்தவர் மைக்கேல் பாரடே. இவர் 1831ஆம் ஆண்டு இலண்டனில் உள்ள ராயல் நிறுவனத்தில் நடத்திய ஆய்வுகளின் வழி மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். காந்தம் அசையாது நின்றால் மின்னழுத்தமும் இராது. காந்தப்பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மிகுதியாக மின்னழுத்தம் தூண்டப்படும் என்பதே இக்கண்டுபிடிப்பின் சாரம்.

தமிழகச் சிற்றூர்களில் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்த ‘டைனமோ’ பொருத்திய மிதிவண்டி இந்நெறியின் கண்கூடான சான்றாகும். புட்டி வடிவக் கருவியின் தலை டயரில் உரசிச் சுழலும்; உள்ளிருக்கும் காந்தமும் சுழலும்; சுருளில் மின்சாரம் பிறந்து விளக்கு எரியும். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தவுடன் மிதிப்பது கடினமாவதை அதனை ஓட்டியவர் உணர்ந்திருப்பர். ஒளி விலையின்றிக் கிடைப்பதில்லை. அதற்கான ஆற்றலைக் கால்களே தருகின்றன. லென்ஸ் விதி உணர்த்துவதும் இதுவே.

நாற்சக்கர வண்டியில் டயருக்குப் பதிலாக எந்திரத்தின் அச்சே காந்தத்தைச் சுழற்றுகிறது. அச்சின் நுனியில் கிண்ணம்போன்ற காந்தச் சக்கரம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் உட்சுவரில் நிலைக்காந்தங்கள் வட முனையும் தென் முனையும் மாறி மாறி அமையுமாறு பதிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தின் நடுவே அசையாத தகட்டில் கம்பிச் சுருள்கள் நிலையாக இருக்கும். பட்டறைகளில் இவ்விரண்டையும் ‘மேக்னட்’, ‘காயில்’ என்றே வழங்குவர். சுருள்களுள் ஒன்று எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும். மற்றொன்று விளக்குக்கென ஒதுக்கப்பட்டது. மின்கல அடுக்கின்றி எந்திரம் ஓடுவதும் விளக்கு எரிவதும் இவ்விரு சுருள்களாலேயாம். விளக்கை மேம்படுத்த முனைவோர் தீப்பொறிச் சுருளைத் தொடாமல், விளக்குச் சுருளின் வழியிலேயே மாற்றம் செய்தல் வேண்டும்.

வட முனையும் தென் முனையும் மாறி மாறிக் கடப்பதால் சுருளில் பிறப்பது மாறுதிசை மின்னோட்டம் ஆகும். மூன்று இணை முனைகள் கொண்ட சக்கரம் நிமிடத்திற்கு 1500 முறை சுழன்றால், நொடிக்கு 25 சுற்று. அலைவெண் 75 ஹெர்ட்ஸ். அதே சக்கரம் 6000 முறை சுழன்றால் அலைவெண் 300 ஹெர்ட்ஸ். வேகத்திற்கேற்ப மின்னழுத்தமும் உயரும். முடுக்கியைத் திருகினால் விளக்கு பிரகாசிப்பதும், தளர்த்தினால் மங்குவதும் இதனால்தான்.

நூறாண்டுக்கு முந்தைய அதே இடர்

மணற்குன்றில் தோன்றும் இவ்விடர் புதியதன்று. ஹென்றி போர்டின் நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ‘மாடல் டி’ மகிழுந்துகளை உருவாக்கியது. இம்மகிழுந்தின் எந்திரச் சக்கரத்தில் 16 காந்தங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் எதிரே 16 சுருள்கள் நிலையாக நின்று மின்சாரத்தை ஆக்கின. தொடக்கத்தில் இதன் முகப்பு விளக்குகள் அசெட்டிலின் வாயுவால் எரிந்தன. 1915இல் மின்விளக்குகள் வந்தபோது, அவற்றுக்கான மின்சாரம் இச்சுருள்களிலிருந்தே நேரடியாக எடுக்கப்பட்டது.

விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கதே. மகிழுந்து விரைந்தால் விளக்கு சுடர்விட்டது. மேடுபள்ளமான பாதையில் மெல்லச் சென்றால் மங்கியது. பிற்காலத்தில் மின்கல அடுக்கும் மின்னாக்கியும் இணைந்த அமைப்பு வந்த பின்னரே ஒளி எந்திரத்தின் வேகத்திலிருந்து விடுதலை பெற்றது. மின்கல அடுக்கு இல்லாத இன்றைய வண்டியின் ஓட்டுநர், அன்றைய மகிழுந்து ஓட்டுநர் எதிர்கொண்ட அதே வினாவை மீண்டும் எதிர்கொள்கிறார்.

பெரிய விளக்கு, சிறிய ஒளி

ஒளி போதவில்லை என்றதும் கூடுதல் வாட் கொண்ட விளக்கை வாங்கிப் பொருத்துவதே பலரும் முதலில் மேற்கொள்ளும் முயற்சி. வீட்டில் அது பயன் தரும். ஆனால் சுருளில் பிறக்கும் மின்சாரத்திற்கு எல்லை உண்டு.

சுருளில் பாயும் மின்னோட்டம் தன்னைச் சுற்றியும் ஒரு காந்தப்புலத்தை உருவாக்குகிறது. அப்புலம் மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கிறது. தன்மின்தூண்டல் எனப்படும் இப்பண்பால் சுருளுக்குள் ஒரு தடை எழுகிறது. அலைவெண் உயர உயர அத்தடையும் உயரும். வேகம் கூடும்போது தூண்டப்படும் மின்னழுத்தமும் கூடுகிறது. அதைத் தடுக்கும் தடையும் உடன் கூடுகிறது. எனவே ஓரளவு வேகத்திற்கு மேல் சுருள் தரும் மின்னோட்டம் ஏறத்தாழ மாறாத அளவிலேயே நிற்கும்.

ஒரு வண்டியில் 30 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு உள்ளன எனக் கொள்க. மொத்தத் திறன் 60 வாட். மின்னழுத்தம் 12 வோல்ட் எனில் மின்னோட்டம் 5 ஆம்பியர். சுருள் தரவல்ல மின்னோட்டமும் அவ்வளவே. இப்போது அவற்றை எடுத்துவிட்டு 55 வாட் விளக்குகள் இரண்டைப் பொருத்தினால் தேவைப்படும் திறன் 110 வாட். இவ்விரு விளக்குகளின் கூட்டுத்தடை ஏறத்தாழ 1.3 ஓம். சுருள் தரும் 5 ஆம்பியர் அத்தடையின் வழியே பாய்ந்தால் கிடைக்கும் மின்னழுத்தம் 6.5 வோல்ட் மட்டுமே. விளக்குகள் பெறும் திறன் 33 வாட்டுக்கும் குறைவு.

இழப்பு இத்துடன் முடிவதில்லை. மின்னிழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் மாறுவதன்று. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். மின்னழுத்தம் பாதியளவாகும்போது இழை செந்நிறத்தில் கனலுமேயன்றி ஒளி வீசாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், பழைய விளக்குகள் தந்த ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே புதிய பெரிய விளக்குகளால் கிடைக்கும். கூடுதல் ஒளியை நாடிப் பணம் செலவிட்டவர் இருளையே பெறுகிறார்.

ஆகவே மின்கல அடுக்கு இல்லாத வண்டியில் விளக்கைத் தேர்ந்தெடுப்பது வரவும் செலவும் பார்க்கும் கணக்கு ஆகிறது. சுருள் தருவது வரவு. விளக்கு கொள்வது செலவு. வரவை மீறிய செலவு நிகழ்ந்தால் கடன் கொடுக்க இங்கே மின்கல அடுக்கு இல்லை.

சீராக்கியின் பணி

எந்திரம் மிக விரைவாக ஓடும்போது இதற்கு மாறான இடர் எழுகிறது. மின்னழுத்தம் அளவுக்கு மீறினால் மின்னிழை அற்றுப்போகும். இதனைத் தடுக்கவே மின்னழுத்தச் சீராக்கி எனும் சிறு கருவி வண்டியில் இணைக்கப்பட்டுள்ளது. மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட்டைக் கடக்க முற்படும்போது, மிகையான மின்னோட்டத்தை இது வண்டியின் சட்டகத்திற்குத் திருப்பிவிடும். ஏரி நிறைந்தால் மிகைநீரை வெளியேற்றும் கலிங்கைப் போன்றது இதன் செயல். சுருளின் தன்மின்தூண்டல் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பதால், இவ்வாறு திருப்பிவிடுவதால் சுருள் எரிந்துவிடுவதில்லை.

கலிங்கு மிகைநீரை வெளியேற்றுமேயன்றி வறண்ட ஏரியை நிரப்பாது. அதுபோலச் சீராக்கி உயர்ந்த மின்னழுத்தத்தைக் குறைக்குமேயன்றி, குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தாது. மேலும், விளக்கின் தேவை குறையுமாயின் சீராக்கி திருப்பிவிட வேண்டிய மின்னோட்டம் கூடும். அதனால் அது சூடாகும். காற்றுப் படும் இடத்தில் உலோகப் பரப்பின்மீது அதனைப் பொருத்துவது இதனால் இன்றியமையாததாகிறது.

குறைந்த திறனில் நிறைந்த ஒளி

வரவைக் கூட்ட இயலாதபோது செலவைக் குறைப்பதே வழி. அவ்வழியைத் திறந்தது ஒளி உமிழ் டையோடு. மின்னிழை விளக்கு இழையைக் கனலச் செய்து ஒளி தருவதால், அது பெறும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. ஒளி உமிழ் டையோடோ குறைகடத்தியில் எலக்ட்ரான்களும் துளைகளும் இணையும்போது ஒளியை நேரடியாக வெளியிடுகிறது. ஹாலஜன் விளக்கு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 20 லூமென் ஒளி தரும். இன்றைய நல்ல ஒளி உமிழ் டையோடு விளக்கு ஏறத்தாழ 100 லூமென் தரும்.

முற்கூறிய கணக்கை இப்போது மீண்டும் போட்டுப் பார்க்கலாம். 60 வாட் ஹாலஜன் விளக்குகள் தந்தது 1200 லூமென். 10 வாட் கொண்ட ஒளி உமிழ் டையோடு விளக்குகள் இரண்டு 20 வாட்டில் 2000 லூமென் தரும். செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒளியோ ஒன்றரை மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

சிவப்பு, பச்சை நிறங்களில் ஒளிரும் டையோடுகள் முன்பே இருந்தன. ஆனால் நீல நிறத்தில் சிறப்பாக ஒளிரும் டையோடு கிடைக்காததால் வெண்ணிற ஒளியைப் பெற இயலவில்லை. அத்தடையை நீக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இருதிசையை ஒருதிசையாக்கல்

ஒளி உமிழ் டையோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே ஏற்கும். சுருள் தருவதோ மாறுதிசை மின்னோட்டம். ஹாலஜன் விளக்கின் இழை இரு திசை மின்னோட்டத்திலும் சூடாவதால் பழைய அமைப்பில் இவ்வேறுபாடு பொருட்படுத்தப்படவில்லை. புதிய விளக்கு சீராக எரிய, மாறுதிசையை நேர்திசையாக்கும் அலைதிருத்தி வேண்டும்.

ஒரே டையோடைப் பயன்படுத்தினால் அலையின் ஒரு பாதி மட்டும் கடக்கும், மறுபாதி தடுக்கப்படும். இது அரை அலைதிருத்தி. கிடைக்கும் வரவில் பாதியை இழப்பதோடு, மெல்லிய ஓட்டத்தில் விளக்கு கண்ணை உறுத்துமாறு துடிக்கும். நான்கு டையோடுகளைப் பாலம்போல் இணைத்த முழு அலைதிருத்தி இரண்டு பாதிகளையும் ஒரே திசையில் செலுத்தும்.

இங்கே பலரும் தவறும் ஓரிடம் உண்டு. பழைய அமைப்பில் விளக்குச் சுருளின் ஒரு முனை வண்டியின் உலோகச் சட்டகத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். விளக்கின் ஒரு முனையும் சட்டகத்தோடே இணைந்திருக்கும். சட்டகமே இரண்டிற்கும் பொதுக் கம்பியாகப் பயன்படும். இந்நிலையில் முழு அலைதிருத்தியை இணைத்து, அதன் எதிர்முனையையும் சட்டகத்தோடு சேர்த்தால், அலையின் ஒரு பாதியில் மின்னோட்டம் விளக்கிற்குச் செல்லாமல் ஒரு டையோடு வழியே சட்டகத்திற்குக் குறுக்குவழியில் பாய்ந்துவிடும். டையோடு சூடேறிப் பழுதாகும்.

இதனைத் தவிர்க்க, சுருளின் அம்முனையைச் சட்டகத்திலிருந்து பிரித்து, தனிக் கம்பியில் இணைத்து வெளியே கொணர்வர். சுருளின் இரு முனைகளும் சட்டகத்தைத் தொடாமல், அலைதிருத்தியின் இரண்டு உள்ளீட்டு முனைகளில் சேர்க்கப்படும். கம்பி ஒன்றை இடம் மாற்றும் சிறு வேலைதான். எனினும் முழுத் திறனையும் பெறுவதற்கு இதுவே வாயில். மாறுதிசைக்கென அமைந்த பழைய சீராக்கியும் இதன்பின் பொருந்தாது. அலைதிருத்தலையும் சீராக்கலையும் சேர்த்துச் செய்யும் கருவியே அதன் இடத்தில் அமைய வேண்டும்.

மின்தேக்கி: நொடியின் சிறுதுளிக்கு ஒரு சேமிப்பு

முழு அலைதிருத்தி தரும் மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்தாலும் அலையலையாகவே வரும். எந்திரம் மெல்ல ஓடும்போது நொடிக்கு 150 துடிப்புகள் எனில், ஒவ்வொரு துடிப்பிற்கும் இடைப்பட்ட நேரம் 150இல் ஒரு பங்கு நொடி. இச்சிறு இடைவெளியை நிரப்புவது மின்தேக்கி. துடிப்பின் உச்சியில் மின்னூட்டத்தை ஏற்று, இறக்கத்தில் அதனை விளக்கிற்கு வழங்கும்.

20 வாட் விளக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.7 ஆம்பியர் கொள்ளும். 10,000 மைக்ரோபாரடு மின்தேக்கி ஒன்று இணைக்கப்பட்டால், இரு துடிப்புகளுக்கு இடையே மின்னழுத்தம் சற்றேறக்குறைய 1 வோல்ட் மட்டுமே இறங்கும். இன்றைய விளக்குகளின் உள்ளிருக்கும் இயக்கிச் சுற்று இவ்வேற்ற இறக்கத்தை எளிதில் தாங்கும்; கண்ணுக்குத் துடிப்பு தெரியாது. மின்தேக்கி வேலை செய்யும் மின்னழுத்தத்தைவிட இருமடங்கேனும் தாங்குதிறன் உடையதாக இருத்தல் நலம். அதன் நேர்முனையும் எதிர்முனையும் மாறிவிட்டால் அது வெடிக்கக்கூடும்.

எனினும் மின்தேக்கியை மின்கல அடுக்கின் மாற்று என எண்ணுதல் பிழையாகும். எந்திரம் திடீரென நின்றுவிட்டால், அதே மின்தேக்கி தன் மின்னழுத்தம் 12இலிருந்து 9 வோல்ட்டாகக் குறையும்வரை விளக்கை எரியவைக்கும் நேரம் 50இல் ஒரு பங்கு நொடி. இமை மூடித் திறப்பதற்குள் இருள் சூழ்ந்துவிடும். 4 ஆம்பியர் மணி கொண்ட சிறிய மின்கல அடுக்கோ அவ்விளக்கை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எரியவைக்கும். துடிப்பைச் சீராக்குவது ஒன்று. ஆற்றலைச் சேமிப்பது வேறொன்று.

தெரியுமா?

மிதிவண்டி டைனமோவிற்கு 6 வோல்ட், 3 வாட் என்பது நெடுநாளைய அளவு. அதில் 2.4 வாட் முன்விளக்கிற்கும் 0.6 வாட் பின்விளக்கிற்கும் செல்லும். இன்றைய மிதிவண்டி விளக்குகள் சிலவற்றில் ஒரு பாரடு அளவிலான மீமின்தேக்கி உள்ளது. வண்டி நின்ற பின்னும் சில நிமிடங்கள் சிறு ஒளி எரிவது அதனாலேயே. மிகக் குறைந்த திறனே போதுமான ஒளி என்பதால் அங்கே இது இயல்கிறது.

மெல்லோட்டமே அளவுகோல்

விளக்குச் சுருளையே மாற்றிச் சுற்றி வரவைக் கூட்டுவோரும் உளர். சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் குறைந்த வேகத்திலேயே போதிய மின்னழுத்தம் கிடைக்கும். ஆனால் மெல்லிய, நீண்ட கம்பியின் தடையால் மின்னோட்டம் குறையும். பருமனான கம்பியைச் சுற்றினால் மின்னோட்டம் கூடும். ஆனால் சுற்றுகள் குறைவதால் மெல்லோட்டத்தில் மின்னழுத்தம் போதாது. சுருளுக்குரிய இடம் அளவுடையது என்பதால் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

எந்த வழியை மேற்கொண்டாலும் கணக்கின் அடிப்படை ஒன்றே. சுருள் மிக விரைவான ஓட்டத்தில் தரும் திறனைக் கண்டு விளக்கைத் தேர்ந்தால், மெல்லோட்டத்தில் அது ஏமாற்றும். விரைந்த ஓட்டத்தில் 60 வாட் தரும் சுருள், எந்திரம் மெல்ல ஓடும்போது 25 வாட் தருவதாகக் கொள்க. அலைதிருத்தியின் டையோடுகளில் ஏறத்தாழ 3 வாட் இழப்பாகும். எஞ்சுவது 22 வாட். எனவே 20 வாட் விளக்கு பொருந்தும். 40 வாட் ஒளி உமிழ் டையோடு விளக்கு பொருந்தாது. மின்னழுத்தம் குறையும்போது அதன் இயக்கிச் சுற்று தன் திறனை விடாமல் இன்னும் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்க முயலும். அதனால் மின்னழுத்தம் மேலும் வீழும். விளக்கு அணைந்து அணைந்து எரியும். ஹாலஜன் விளக்கு மங்குவதோடு நின்றது. அளவு மீறிய புதிய விளக்கோ முற்றிலும் கைவிட்டுவிடும்.

இவ்வாறு அளந்து அமைத்த வண்டி மீண்டும் மணற்குன்றில் ஏறுகிறது. உச்சியை நெருங்கிய ஓட்டுநர் முடுக்கியைத் தளர்த்துகிறார். எந்திரத்தின் ஒலி தாழ்கிறது, ஒளி தாழவில்லை. அப்பால் உள்ள சரிவும் அதன் அடியில் உள்ள பள்ளமும் அவர் கண்ணுக்குத் தெரிகின்றன. கடையில் கிடைக்கும் மிகப் பெரிய விளக்கை அவர் வாங்கவில்லை. தன் எந்திரம் மிகக் குறைவாகத் தரும் நேரத்தில் எவ்வளவு தரும் என்பதை அளந்து, அதற்குள் அடங்கும் விளக்கையே வாங்கினார்.

எந்திரம் நின்றுவிட்டால் இவ்வண்டியின் ஒளியும் நின்றுவிடும் என்பது மாறாத உண்மை. அதை அறிந்தவர் தலைக்கவசத்திலோ சட்டைப் பையிலோ தனி மின்கலத்தில் எரியும் கைவிளக்கு ஒன்றை உடன் வைத்திருப்பார். ஒரு கருவியின் வலிமையை அறிவதைப் போலவே அதன் எல்லையை அறிவதும் அறிவியலின் பயனே.

கலைச்சொற்கள்

ஸ்டேட்டர் காயில் – நிலைச்சுருள்
ஆல்டர்னேட்டிங் கரண்ட் – மாறுதிசை மின்னோட்டம்
ரெக்டிபையர் – அலைதிருத்தி
வோல்டேஜ் ரெகுலேட்டர் – மின்னழுத்தச் சீராக்கி
கெப்பாசிட்டர் – மின்தேக்கி
எல்.இ.டி. – ஒளி உமிழ் டையோடு
பேட்டரி – மின்கல அடுக்கு

கற்பவை கற்றபின்...

1. டைனமோ பொருத்திய மிதிவண்டியை ஓட்டியவர்களிடம் உரையாடி, இருளில் மேட்டுப் பாதையில் ஏறும்போது ஒளி எவ்வாறு மாறியது என்பதைக் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.

2. ‘வரவை மீறிய செலவு கூடாது’ என்னும் கருத்து மின்திறன் பயன்பாட்டிற்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை உம் வீட்டு மின்கருவிகளைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் பேசுக.

3. இருசக்கர ஊர்திப் பட்டறை ஒன்றில் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்குரிய தமிழ்க் கலைச்சொற்களைப் பட்டியலிடுக.